பார்க்கலாம் சார் பிராசசர் வாங்கப் போனார்

வீடு கட்டுகிறவர்களுக்கு வரைபடம் போட்டுக் கொடுப்பவர் அவர். கொத்தனாரில் இருந்து இன்ஜினியர் வரை எல்லோருக்கும் அவர் ‘பார்க்கலாம் சார்’தான். படிக்கட்டை இந்தப் பக்கம் வைக்கலாமா என்றால் "பார்க்கலாம்" என்பார். டீ சொல்லட்டுமா என்றாலும் அதே பதில்தான். ஆனால் வேலையில் ஒரு குறை சொல்ல முடியாது. அவர் வைத்த கதவு எதுவும் இதுவரை கட்டிலில் இடித்ததில்லை. அத்தனை முறை யோசித்து வைத்த கதவு!

ஒரு செருப்பு வாங்க நான்கு மாதம் யோசித்த மனிதர். பொறுத்துப் பார்த்த மனைவி, ஒருநாள் தானே போய் ஒரு ஜோடி வாங்கி வந்துவிட்டாள். அது காலுக்குக் கச்சிதமாகப் பொருந்தியதில் அவருக்குக் கொஞ்சம் வருத்தம்கூட. மனைவிக்கு மருந்துக் கடையில் வேலை. சீட்டில் கண் படும்போதே கை சரியான தட்டுக்குப் போய்விடும். கல்யாணத் தேதியையே அவள்தான் முடிவு செய்தாள் என்பது குடும்பத்தில் எல்லோருக்கும் தெரியும்.

அவருடைய கம்ப்யூட்டர் ஹாலில் பீரோவுக்கும் ஜன்னலுக்கும் நடுவே இருந்தது. கொஞ்ச நாளாக அதற்கும் அவர் குணம் ஒட்டிக்கொண்டதுபோல இருந்தது. பெரிய அடுக்குமாடி வரைபடங்களைச் சேர்த்துத் திறந்தால், திரையில் அம்புக்குறி நின்ற இடத்திலேயே நின்று யோசிக்கும்.

அப்போதுதான், ஒரு திங்கட்கிழமை, கடைத்தெருவில் இருந்த கம்ப்யூட்டர் கடையின் விளம்பரம் போனுக்கு வந்தது. பதினாறு கோர் பிராசசர், போன வருஷத்து மாடல், நாற்பது சதவீதம் தள்ளுபடி, சனிக்கிழமை சாயங்காலம் வரை.

அவ்வளவுதான், மனிதர் ஒரு நோட்டும் பேனாவுமாக உட்கார்ந்துவிட்டார். யூடியூபில் ஒருவர் "கண்ண மூடிக்கிட்டு வாங்குங்க" என்றார். இன்னொருவர் "பக்கத்துலயே போகாதீங்க" என்றார். இரண்டு பேரும் சொன்னது நியாயமாகவே பட்டது. ஆகவே இரண்டையும் மறுபடி பார்த்தார். நோட்டில் ‘வாங்கலாம்’ என்று ஒரு பக்கம், ‘வேண்டாம்’ என்று ஒரு பக்கம், ‘தெரியவில்லை’ என்று ஐந்து பக்கம். அது எந்தெந்த மதர்போர்டில் பொருந்தும் என்றும் தேடிக் குறித்துக்கொண்டார். தன்னுடையதிலும் பொருந்தும் என்று தெரிந்தது. பொருந்தாது என்று வந்திருந்தால் நிம்மதியாகத் தூங்கியிருப்பார்.

சனிக்கிழமை மத்தியானம் மனைவி கேட்டாள்.

"என்னங்க, வாங்கப் போறீங்களா, இல்லையா?"

"விலை நல்ல விலைதாம்மா. ஆனா…"

"அந்த ‘ஆனா’வைக் கூட்டிக்கிட்டுக் கடைக்குப் போங்க. நேர்ல பாத்தா ஏதாவது தோணும்."

நோட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கிளம்பினார்.

கடையில் மிஞ்சியிருந்தது ஒரே ஒரு பெட்டி. அதன் எதிரே ஒரு பெண் இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றிருந்தாள். கம்பெனி விழாக்களையும் பள்ளி ஆண்டுவிழாக்களையும் வீடியோவாகத் தொகுத்துக் கொடுப்பவள் என்று பிறகு தெரிந்தது. கடைக்காரர் வேறு யாருடைய பிரிண்டரோடோ மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். அவள் இவர் கையில் இருந்த நோட்டைப் பார்த்தாள். விஷயம் தெரிந்தவர் என்று நினைத்துவிட்டாள்.

"அண்ணே, இது வாங்கலாமா?"

இவர் வழக்கமான வார்த்தைக்காக வாயைத் திறந்தார். வந்தது வேறு. "உங்களுக்கு என்ன வேலைக்கு?"

சொன்னாள்.

"எல்லாம் வெட்டி ஒட்டி முடிச்சு, கடைசியா ஒரே ஃபைலா மாத்துவீங்கல்ல, அதுக்கு எவ்வளவு நேரமாகுது?"

"மூணு மணி நேரம்ணே. சமைச்சு, சாப்பிட்டு, பாத்திரம் கழுவி, பக்கத்து வீட்டுல ஒரு சண்டையும் போட்டுட்டு வந்தாலும் பாதிலதான் நிக்கும்."

"அப்போ யோசிக்காதீங்க, எடுத்துக்குங்க. பதினாறு கோர்னா உள்ள பதினாறு வேலையாள் மாதிரி, அந்த வேலைய பதினாறு பேரும் பங்கு போட்டுச் செய்வாங்க. உங்க மதர்போர்டு என்ன மாடல்?"

அவள் போனில் இருந்த படத்தைக் காட்டினாள். நோட்டைப் புரட்டிப் பார்த்து, "பொருந்தும். இதோட ஃபேன் வராது, சூடு அதிகம். நல்லதா ஒண்ணு சேத்து வாங்கிக்குங்க" என்றார்.

"நீங்களும் இதுக்குத்தானே வந்தீங்க? உங்களுக்கு வேணாமா?"

"நான் கோடு போடறவன்மா. என் வேலைல ஒரு கோடு முடிஞ்சாத்தான் அடுத்த கோடு. ஒருத்தன் உழைப்பான், மீதி பதினஞ்சு பேரும் கையக் கட்டிக்கிட்டு வேடிக்கை பாப்பாங்க."

சொல்லி முடித்த பிறகுதான் அவருக்கே உறைத்தது. ஆறு நாளாக ஏழு பக்கம் எழுதியும் கிடைக்காத பதில், யாரோ கேட்டதும் வாயில் வந்து விழுந்துவிட்டது. கடைக்காரர் பெட்டியைப் பையில் போட்டு அவளிடம் நீட்டியபோது இவர் கண்ணும் அந்தப் பையோடு வாசல் வரை போனது உண்மைதான். பை வாசலைத் தாண்டியதும் நோட்டை மூடிவிட்டார்.

பிறகு நிதானமாக நினைத்துப் பார்த்தார். அம்புக்குறி எப்போது நிற்கிறது? ஐந்து வரைபடங்களை ஒன்றாகத் திறந்து வைக்கும்போது. இந்த வாரம் ரொம்பவே நின்றது, ஏன்? அவற்றோடு முப்பது பிராசசர் வீடியோக்களும் திறந்து கிடந்தன. பாவம் மெஷின், நினைவகத்தில் மூச்சு விட இடமில்லாமல் திணறியிருக்கிறது!

"ஒரு பதினாறு ஜிபி ரேம் குடுங்க" என்றார்.

பிராசசர் விலையில் கால்வாசிகூட ஆகவில்லை. வீட்டுக்கு வந்து அவரே மாட்டினார். ஐந்து வரைபடங்களும் திறந்தன. அம்புக்குறி சொன்ன பேச்சைக் கேட்டது. மனைவி பக்கத்தில் வந்து நின்று பார்த்தாள்.

"எவ்வளவு நேரம் யோசிச்சீங்க?"

"பத்து நிமிஷம் இருக்கும்."

அவள் அவர் நெற்றியில் கை வைத்துப் பார்த்தாள். காய்ச்சல் இல்லை.

அடுத்த வாரமே கடைக்காரரிடமிருந்து போன் வந்தது. அந்தப் பெண், தன் தொழிலில் இருக்கும் நான்கு பேரிடம் இவரைப் பற்றிச் சொல்லி அனுப்பியிருந்தாள். ‘நோட்டு வச்சிருக்கற அண்ணன்’ எப்போது வருவார் என்று கேட்டு அவர்கள் கடையில் காத்திருந்தார்கள். போனார். அடுத்தவர் விஷயம் என்றால் மனிதரிடம் தயக்கமே இல்லை. ஒருவருக்கு மானிட்டர் வேண்டாம் என்றார், ஒருவருக்குப் பழைய ஹார்ட் டிஸ்கை மாற்றச் சொன்னார், ஒருவரிடம் "உங்க மெஷின் நல்லாத்தான் இருக்கு, வீட்டுக்குப் போங்க" என்றே சொல்லிவிட்டார்.

இப்போது சனிக்கிழமைகளில் கடையில் அவருக்கென்று ஒரு ஸ்டூல் இருக்கிறது. வருகிறவர்களில் பாதிப் பேரை எதுவும் வாங்க விடாமல் அனுப்பிவிடுகிறாரே என்று கடைக்காரருக்கு மனத்தாங்கல். ஆனால் அப்படிப் போனவர்கள் அடுத்த முறை மச்சானையோ தங்கையையோ கூட்டிக்கொண்டு திரும்பி வருவதால், ஸ்டூலை எடுக்க மட்டும் அவருக்கு மனசு வரவில்லை.