இருபது நிமிடத்துக்கு எத்தனை பாட்டு?

மேரு என்ற ஊரில் பைப் வேலை செய்யும் திருச்செல்வத்துக்கு ஐம்பத்திரண்டு வயதில் பாட்டுப் பைத்தியம் பிடித்தது. ஒரு வீட்டில், குழாய்க்குள் ஒட்டியிருந்த மணலை உதிர்க்க, காலில் கிடந்த ரப்பர் செருப்பை, அந்த ஜப்பான் சிலிப்பரை, கழற்றிக் குழாயின் வாயில் ஓங்கி அறைந்தார். 'டொங்' என்று ஒரு சத்தம் வந்தது பாருங்கள், மணல் உதிர்ந்த பிறகும் மனிதர் அறைந்துகொண்டே இருந்தார்.

இரண்டே மாதத்தில் மிச்சம் மீதிக் குழாய்களை அளந்து வெட்டி, மரச்சட்டத்தில் கட்டி, ஆறு சுரம் பேச வைத்துவிட்டார். ஏழாவதுக்கு வேனில் இடமில்லை; ஏணி படுக்க வேண்டுமே. கையில் பிடித்து அடிக்கப் புதுச் சிலிப்பர் ஒரு ஜோடி வாங்கினார்.

கோயில் குடும்ப தினத்தில் வாசிக்கப் பெயர் கொடுத்தார். படிவத்தில் 'எத்தனை நிமிடம்?' என்று இருந்தது. கை சும்மா இராமல் 'இருபது' என்று எழுதிவிட்டது. அப்போது அவருக்கு வாசிக்கத் தெரிந்தது ஒரே பாட்டு. அதுவும் தாலாட்டு.

இருந்தது மூன்று வாரம். மனைவி ஷாமினி அடுப்படியில் நின்றபடியே நீதிபதியானாள்.

"இது வேணாங்க. நடுவுல ஒரு சுரம் இல்ல, பல்லு விழுந்த மாதிரி இருக்கு."

"வேகமா அடிச்சா தெரியாது லா."

"சாம்பார் தாளிக்கிற எனக்கே தெரியுது!"

நல்ல பாட்டெல்லாம் இப்படியே கழிந்தது. தேறியவை ஒரு கும்மி, இரண்டு காவடிச் சிந்து, ஒரு பழைய காதல் பாட்டில் சரணம் மட்டும். பல்லவி ஆறு குழாய்க்குள் அடங்க மாட்டேன் என்றது. தெருவில் மோட்டார் சைக்கிளில் ரொட்டி விற்பவர் போட்டு வரும் மெட்டையும் ஷாமினி சேர்த்துவிட்டாள். கடிகாரம் பார்த்து வாசித்தால், கச்சிதமாக இருபது நிமிடம். சந்தோஷத்தில் அவளைத் தூக்கிச் சுற்றப் பார்த்தார் திருச்செல்வம். இடுப்பு பிடித்துக்கொண்டது.

குடும்ப தினத்தன்று காலையில் காலணியை வாசலில் கழற்றிவிட்டு, வெறுங்காலோடு பயபக்தியாகக் கோயில் மண்டபத்துக்குள் நுழைந்தார். இரண்டு கையிலும் சிலிப்பர்.

கோயில் தலைவர் இராமலிங்கம் குறுக்கே வந்தார். "செல்வம், கையில என்னய்யா?"

"வாத்தியம், தலைவரே."

"அது சிலிப்பர்யா."

"புதுசு. கால் படவே இல்ல."

"கால் படலன்னா? தொப்பியா அது? சாமி இருக்கிற இடம் லா!"

மூன்று வாரமும் இது புருஷன் பெண்டாட்டி இருவர் மண்டையிலும் உறைக்கவில்லை. திருச்செல்வம் உள்ளங்கையால் அடித்துப் பார்த்தார், குழாய் இருமியது. அட்டையால் அடித்தார், தும்மியது. இருபது நிமிடமும் கைநழுவிப் போய்க்கொண்டிருந்தது.

ஷாமினி முன்னால் வந்தாள். "தலைவரே, வாசப்படிக்கு வெளிய சிலிப்பர் இருக்கலாமா?"

"அங்கதானம்மா இருக்கு, நூறு ஜோடி."

"அப்ப இவரும் அங்கயே நிக்கட்டும். நாற்காலிய மட்டும் வாசல் பக்கம் திருப்பிப் போடுங்க."

நூறு ஜோடிக்கு நடுவே நின்று அடிக்க ஆரம்பித்தார் திருச்செல்வம். தாலாட்டுக்கே விசில் பறந்தது. ரொட்டி மெட்டு வந்ததும் பிள்ளைகள் மோட்டாரைத் தேடித் தெருவுக்கு ஓடினார்கள். தாய்மார்கள் பின்னாலேயே ஓடினார்கள். குஷியில் கை நிற்கவில்லை. கடைசிப் பாட்டையும் முடித்துவிட்டு நிமிர்ந்து பார்த்தால், பதினாலே நிமிடம்தான் ஆகியிருந்தது!

பேந்தப் பேந்த விழித்தவரைப் பார்த்து ஷாமினி கத்தினாள். "மறுபடி முதல்ல இருந்து! இந்தத் தடவ மெதுவா!"

மெதுவாக எங்கே? இரண்டாம் சுற்றில் பெண்கள் வெளியே இறங்கிக் கும்மி கொட்டினார்கள். சாப்பாடு ஆறுகிறது என்று இரண்டு தடவை மைக்கில் சொல்லியும் ஒருவரும் அசையவில்லை.

வாசற்படிக்கு உள்ளே ஒரு கால், வெளியே ஒரு கால் வைத்துத் தாளம் போட்டுக்கொண்டிருந்த இராமலிங்கம், மூச்சு வாங்கியபடி கேட்டார்: "செல்வம், அடுத்த வருசம் நாப்பது நிமிசம் போட்டுரவா?"

திருச்செல்வம் வாயைத் திறப்பதற்குள் ஷாமினி முந்திக்கொண்டாள். "இருபத்தஞ்சு போடுங்க, தலைவரே. மிச்சத்துக்குப் பாட்டு யாரு தேடுறது?"