குழி யாருடையது?

மயிலாப்பூரிலிருந்து கொட்டிவாக்கம் பள்ளிக்கூடத்துக்குப் பாடம் நடத்தப் பத்து வருஷமாகக் காதர் பாயின் குதிரை வண்டியில்தான் போய்வந்தேன். அடையாறு தாண்டி ஒரு சிறுபாலத்தின் ஓரம் இடிந்து, ரோட்டில் குழி விழுந்தது. நகர அலுவலகத்துக்கு மனு எழுதினேன். அது ஜில்லா ரோடு என்று பதில் வந்தது. ஜில்லாவுக்கு எழுதினேன். ரோடுகளைப் புதிதாக வகை பிரித்ததில் அது மாகாண ரோடாகிவிட்டது என்றார்கள். கடற்காற்றில் ஒரே நீளமாகக் கிடந்த சாலை, காகிதத்தில் துண்டு துண்டாகக் கிடந்தது.

காதர் பாய் சிரித்தார். "இன்னா வாத்யாரே, ரோட்டுக்குக்கூட ஜாதி கீதா? எறங்கு, நாலு கல்லைப் போட்டு மூடிட்டுப் போலாம்."

"சும்மா இருங்க பாய். சர்க்கார் ரோட்டுல நாம கை வைக்கக் கூடாது. மாகாணத்துக்கு எழுதியிருக்கேன், பதில் வரட்டும்."

"படிச்சவன் சொன்னா சரிதான்" என்று வண்டியைக் குழிக்கு ஒதுக்கி ஓட்டினார்.

ஐப்பசி மழையில் குழியும் ரோடும் ஒரே தண்ணீராயின. நான் ஜுரத்தில் படுத்திருந்த அன்று, காதர் பாய் வேறொரு சவாரியை இறக்கிவிட்டுத் தனியாகத் திரும்பியிருக்கிறார். குதிரை குழியில் கால் வைக்க, வண்டி அவர்மேல் கவிழ்ந்துவிட்டது. மறுநாள் அவர் உடலைச் சுமந்து போன ஜனாஸாவின் பின்னால் ஜுரத்தோடு நடந்தேன்.

அந்த வாரமே மாகாணத்திலிருந்து பதில் வந்தது. ரோடு அவர்களுடையதுதானாம்.

பதிலை மடித்து வைத்துவிட்டுப் போய்க் குழியை மூடினேன். நாலு கல்லே போதுமாயிருந்தது.

இப்போது என் பையில் பாடப்புத்தகங்களோடு ஒரு சிவப்புத் துணியும் இருக்கிறது. குழியைக் கண்டால் கல்லைப் போடுகிறேன். கல் கிடைக்காவிட்டால் ஒரு கிளையை நட்டுத் துணியைக் கட்டுகிறேன். ரோடு யாருடையது என்று அதற்குப் பிறகுதான் விசாரிக்கிறேன்.