இடது கால் முதலில்

பக்கவாதம் எனக்கு வலது பக்கத்தைப் பிடித்தது. கையும் காலும் விழுந்துவிட்டன, வாய் மட்டும் விழவில்லை. "அத இழுத்துக்கினு போற தெம்பு எந்த நோவுக்கு இருக்குது?" என்றார் என் வீட்டுக்காரர், ஆஸ்பத்திரிக் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று அழுதுகொண்டே. ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவர். அழும்போதும் கிண்டலை விடமாட்டார்.

சுரங்கத்தில் கன்வேயர் பெல்ட்டுக்கு அடியில் சிந்தும் நிலக்கரியை அள்ளிப் போடுவது என் வேலை. வடக்குத்து கிராமத்தில் முந்திரித் தோப்புக்குக் கூலிக்குப் போய்க்கொண்டிருந்தவள், கான்ட்ராக்டில் சேர்ந்தேன். பதினெட்டு வருடம் கழித்துத்தான் பர்மனென்ட் ஆனேன். அதுவரை போட்டதெல்லாம் அளவு சேராத ஷூ. பர்மனென்ட் ஆனதும் என் காலுக்கென்று ஒரு சேஃப்டி ஷூ வந்தது. அதை ஆட்டோவில் மடியில் வைத்துக்கொண்டு வீடு வந்து சேர்ந்தேன். என் தலைக்கனம் முழுவதும் அந்த ஷூவில்தான் இருந்தது என்று இப்போது சொல்லலாம்.

டாக்டர் வெட்டு ஒன்று துண்டு இரண்டாகச் சொல்லிவிட்டார். ஆறு மாதத்தில் யார் கையையும் பிடிக்காமல் நடக்க வேண்டும், படி ஏறி இறங்க வேண்டும். முடிந்தால் லைட் டூட்டிக்கு எழுதுவார். முடியாவிட்டால் வீடுதான். பதினெட்டு வருடம் காத்திருந்து வாங்கியதை ஒரு காலுக்காக விட்டுக்கொடுக்க எனக்கு மனசில்லை.

எங்கள் ஊரில் எதையும் டன் கணக்கில்தான் பார்ப்போம். எந்த ஷிப்டில் அதிகம் வெட்டினார்களோ அதுதான் நல்ல ஷிப்ட். நடையையும் அப்படித்தான் நினைத்தேன். எழுந்து நிற்க முடிந்த மூன்றாவது வாரமே சேஃப்டி ஷூவை மாட்டிக்கொண்டு எங்கள் குவார்ட்டர்ஸ் பிளாக் ரோட்டில் இறங்கிவிட்டேன். இரும்பு வைத்த முனை, தடித்த அடிப்பாகம். காலுக்கு இதைவிட நல்ல காவல் உண்டா? முதலில் ஒரு ரவுண்டு, பிறகு மூன்று, பிறகு ஆறு. குவார்ட்டர்ஸ் வாசலில் நின்ற பெண்கள் எல்லாம், "ஒங்கள மாதிரி தைரியம் யாருக்கு வரும்க்கா" என்றார்கள். எனக்கும் அது சரியாகத்தான் பட்டது.

ஏழாவது ரவுண்டுக்குத் தயாரான வாரத்தில் வலது முழங்கால் பலாக்கொட்டை போட்ட பை மாதிரி வீங்கிவிட்டது. இரண்டு நாள் கழிவறைக்குக்கூட வீட்டுக்காரர் தோளைப் பிடித்துத்தான் போனேன். பக்கவாதம் வந்த அன்று நான் அழவில்லை. இதற்கு அழுதேன்.

பிசியோதெரபிஸ்ட் என் மகள் வயதுள்ள பெண். மதுரைப் பக்கத்துக்காரி, அதட்டத் தெரியாது. ஷூவோடு நாலு அடி நடக்கச் சொல்லி, பக்கவாட்டில் உட்கார்ந்து பார்த்தாள்.

"அம்மா, உங்க பாதம் முன்னால தொங்குதுங்க. இந்த ஷூவத் தூக்க முடியாம கால வெளியே வீசி நடக்குறீங்க. ஊன்றப்போ முட்டி பின்பக்கமாப் போய்ப் பூட்டிக்குது. எத்தன தடவ அப்படிப் பூட்டியிருப்பீங்க?"

"ஒரு நாளைக்கு ஆறு ரவுண்டு."

"எத்தன ரவுண்டுங்கிறது முக்கியமில்லம்மா. ஒரு ரவுண்டு எப்படிங்கிறதுதான். இந்த ஷூ வேணாம்."

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. "இந்த ஷூவப் போட ஒருத்தி எத்தினி வருசம் நிக்கணும்னு ஒனக்குத் தெரியுமா பாப்பா?" என்று கேட்டுவிட்டு, அவள் பதில் சொல்வதற்குள் ஆட்டோவில் ஏறிவிட்டேன். நாலு நாள் அந்தப் பக்கம் போகவில்லை.

ஐந்தாவது நாள் மறுபடியும் ஷூவை மாட்டி ரோட்டில் இறங்கினேன். திரும்பி வந்ததும் வீட்டுக்காரர் செல்போனை நீட்டினார். "நீ நடக்குறத படம் புடிச்சிகினு இருந்தேன். நீயே பாரு."

பார்த்தேன். பக்கவாட்டிலிருந்து என்னை நான் பார்ப்பது அதுவே முதல் தடவை. ஒவ்வொரு முறை கால் ஊன்றும்போதும் முட்டி பின்னால் வளைந்தது. மனுஷக் கால் அந்தப் பக்கம் வளையக் கூடாது. அவர் ஒன்றும் கிண்டல் செய்யவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. நானே குனிந்து, இடது கையால் லேஸை அவிழ்த்தேன்.

பிறகு நாலு மாதம் அந்தப் பெண் சொன்னதைத்தான் கேட்டேன். கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழ வேண்டும், மெதுவாக உட்கார வேண்டும். கண்ணாடி முன்னால் முட்டியை இம்மியளவு மடக்கி, சுகமில்லாத காலிலும் பாரம் போட்டு நிற்க வேண்டும். பாதம் தொங்காமல் இருக்கப் பிளாஸ்டிக் பட்டை, அதற்கு மேல் லேசான கேன்வாஸ் ஷூ. ரோட்டில் அரை ரவுண்டுதான். "என்னாக்கா, கொறச்சிட்டீங்க?" என்று வாசலில் நின்றவர்கள் கேட்டபோது நாக்கு நுனிவரை பதில் வந்தது. விழுங்கிவிட்டேன். ஆறு ரவுண்டு நடந்தபோது இருந்த பெருமையைவிட, அந்த அரை ரவுண்டை முட்டி பூட்டாமல் முடித்த நாளில் எனக்கு இருந்த பெருமை பெரிது.

படிக்கு அவள் ஒரு விதி சொன்னாள். "ஏறும்போது நல்ல கால் முதல்ல, இறங்கும்போது முடியாத கால் முதல்ல. மாத்தாதீங்கம்மா." எனக்கு நல்ல கால் இடது. கல்யாணமாகி வந்தபோதும், குவார்ட்டர்ஸுக்குக் குடி வந்தபோதும், ஆஸ்பத்திரியிலிருந்து வந்தவளை ஆரத்தி எடுத்து அழைத்தபோதும் வலது காலை வைத்தே உள்ளே வந்தவள் நான். இடது காலை முன்னால் எடுத்து வைக்க மனசு ஒப்பவில்லை. பழகப் பழக ஒப்பியது.

டாக்டர் முன்னால் நடந்தேன். மூன்று படி ஏறி இறங்கினேன். அவர் முட்டியைத் தொட்டுப் பார்த்து, ஓரளவு தேறியிருந்த வலது கையையும் பார்த்துவிட்டு, டூல் ரூமில் சாமான் எடுத்துக் கொடுக்கும் வேலைக்கு எழுதினார். அங்கே உட்கார்ந்து செய்யலாம், கேன்வாஸ் ஷூ போதும். பாலிஷ் போட்ட சேஃப்டி ஷூ வீட்டு அலமாரியில் இருக்கிறது. எனக்கு அதன்மேல் வருத்தம் ஒன்றும் இல்லை.

முதல் நாள், ஜெனரல் ஷிப்ட். வீட்டுக்காரர் ஆட்டோவில் கொண்டுபோய் விடுகிறேன் என்றார். வேண்டாம், கம்பெனி பஸ்ஸில்தான் போவேன் என்றேன். பஸ் வந்து நின்றது. உள்ளே என்னோடு வேலை பார்த்த பெண்கள் ஏழெட்டுப் பேர். ஒருத்தி படிக்கட்டுக்கு வந்து கையை நீட்டினாள்.

"வலது கால எடுத்து வச்சி ஏறுங்கக்கா. நல்ல நாளு."

"கைய எடும்மா," என்றேன்.

கம்பியைப் பிடித்து, இடது காலை முதல் படியில் வைத்தேன். உள்ளே யாரோ உச்சுக்கொட்டுவது கேட்டது. உடம்பை முன்னால் கொண்டுபோய் வலது காலைத் தூக்கி அதன் பக்கத்தில் வைத்தேன். முட்டி லேசாக மடங்கி நின்றது, பின்னால் போகவில்லை. அடுத்த படியிலும் இடது கால் முதலில். அதற்கடுத்த படியிலும் அப்படியே.

டிரைவர் கண்ணாடியில் பார்த்துக்கொண்டிருந்தார். "நிதானமா ஏறும்மா, அவசரமில்ல," என்றார்.

"ஏறிட்டேன்," என்றேன். "வண்டிய எடுங்க."