பெரியவரின் நூற்றாண்டும் என் மகளின் வேலியும்

நூலக வேலை என்றால் மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்து படிப்பது என்று நினைப்பவர்கள் ஒருநாள் தூசி தட்டிப் பார்க்க வேண்டும். ஏற்கெனவே தட்டித் தும்மியவர்களுக்கு நான் சொல்லவே வேண்டாம். மலையாளம் பேசும் ஊரில் இருக்கும் ஆரியசாலைத் தமிழ் நூலகத்தில் நான் தற்காலிக உதவியாளர். நாவல், நாடகம், கட்டுரை என்று ஆயுசு முழுக்க எழுதித் தள்ளிய எங்கள் ஊர் எழுத்தாளரான பெரியவருக்கு நூற்றாண்டு விழா வந்தது. "விழா நல்லா முடிஞ்சா உனக்கு நிரந்தரம். சொதப்பினா வேற ஆளு" என்று செயலாளர் முன்கூட்டியே சொல்லிவிட்டார்.

கண்ணுக்கு அழகு

கண்காட்சிக்கு அவர் புத்தகங்களை அடுக்குவது என் பொறுப்பு. நான் படித்த கிராமத்துப் பள்ளியில் நூலகம் என்பது பூட்டிய ஒரு பீரோ. அடுக்கும் முறை தெரியாததால் எனக்குத் தோன்றியபடி அட்டை நிறம் பார்த்து அடுக்கினேன். ஒரே நாவலின் முதல் பாகம் பச்சையோடும், இரண்டாம் பாகம் சிவப்போடும், மூன்றாவது மஞ்சளோடும் போய்விட்டது. மூன்றையும் தேடி எடுத்த அக்கிரகாரத்து மாமி மூச்சு வாங்கக் கேட்டார்: "ஏண்டிம்மா, இது நூலகமா, புடவைக் கடையா?"

எதைப் படிக்க?

பக்கத்து ஓட்டலில் பரோட்டா போடும் தென்காசி அண்ணாச்சி, "இவரு எழுதினதுல எது நல்லாருக்கும்?" என்றார். நான் படித்ததோ ஒன்றே ஒன்று. "எல்லாமே நல்லாருக்கும்" என்றேன், எல்லாம் கரைத்துக் குடித்தவள்போல. அவர் அலமாரியை மேலிருந்து கீழே பார்த்தார். "டீ குடிக்கிற நேரத்துல எழுதினது ஏதும் இருந்தா குடு தங்கச்சி."

வேலி

விழாவன்று, பிள்ளையைப் பார்த்துக்கொள்ளும் பக்கத்து வீட்டுச் சேச்சி வித்துராவிலுள்ள சொந்த வீட்டுக்குப் போய்விட்டார். தவழ்கிற மகளை நூலகத்துக்கே தூக்கி வந்தேன். குத்துவிளக்கு, எண்ணெய், ஒயர் எல்லாம் அவளுக்கு எட்டும் உயரம். பெரியவரின் தடித்தடித் தொகுதிகளை மேஜைக்குப் பின்னால் வட்டமாக அடுக்கி, நடுவில் அவளை இறக்கிவிட்டேன்.

சிறப்பு விருந்தினர் எழுத்தாளரின் மகள். நேராக மேஜைக்குப் பின்னால் வந்துவிட்டார். என் மகள் அப்போது ஒரு தொகுதியின் மூலையைச் சப்பிக்கொண்டிருந்தாள். செயலாளர் முகத்தில் ஈயாடவில்லை. வேலை போச்சு என்று நான் பிள்ளையைத் தூக்கக் குனிந்தேன். அந்த அம்மா என் கையைப் பிடித்தார். "எடுக்காதே மோளே. அப்பா எழுதறப்போ கதவைச் சாத்திடுவார். நாங்க எல்லாரும் வெளியிலதான் நின்னோம். உள்ளே இடம் கிடைச்சது இவளுக்குத்தான்." சொல்லிவிட்டு அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டார். செயலாளர் சட்டென்று சிரிப்பை வரவழைத்துக்கொண்டார். "கொச்சுப் பிள்ளை அங்கேயே இருக்கட்டே. நீ திங்கட்கிழமை வந்து நிரந்தர வேலைக்கான ஆர்டரை வாங்கிக்கோ."

ஆக, பெரியவருக்கு விழா எடுத்தது நாங்கள். பிள்ளையையும் பார்த்துக்கொண்டு, எனக்கு வேலையும் வாங்கித் தந்தது அவர்.