ஜூனுக்குள் வரவேண்டிய பிள்ளை

வரி சீசன் வந்துவிட்டால் ஃப்ரீமான்ட் மௌரி அவென்யூவில், மளிகைக்கடைக்குப் பின்னால் இருக்கும் அனந்தராமனின் வரிக்கணக்கு ஆபீசில் நிற்க இடம் கிடைக்காது. அது ஒரு காலம். 2009-இல் அந்த ஆபீஸ் ஈ ஓட்டிக்கொண்டிருந்தது. வேலை போனவர்களில் பாதிப்பேர் மூட்டை கட்டிக்கொண்டு ஊருக்குப் போயிருந்தார்கள். போகாதவர்கள் பிள்ளைகளை மட்டும் அனுப்பிவைத்திருந்தார்கள்.

முன்னறையில் உட்கார்ந்து விவரம் கேட்பது தனபாக்கியத்தின் வேலை. பிள்ளை ஒன்றுக்கு அரசாங்கம் ஆயிரம் டாலர் வரை வரியில் விட்டுக்கொடுக்கும். சைல்டு டாக்ஸ் கிரெடிட் என்று பெயர். ஆனால் அந்தப் பிள்ளை பாதி வருஷத்துக்கு மேல் பெற்றவர்களோடு வாழ்ந்திருக்க வேண்டும். குழந்தை எத்தனை மாசம் உங்களோடு இருந்தது என்று அவள் கேட்டால், போன வருஷம் வரை சிரித்துக்கொண்டே பதில் சொன்னவர்கள் இப்போது செருப்பைப் பார்த்துக்கொண்டு குழந்தை ஊரில் இருக்கிறது என்றார்கள். கிரெடிட் வாங்கும் குடும்பம் வரவரக் குறைகிறதே என்று அனந்தராமன் அங்கலாய்த்தார். தனபாக்கியம் குனிந்து அடுத்த படிவத்தை எடுத்தாள். அவள் பெற்ற பிள்ளையும் உடுமலைப்பேட்டையில்தான் இருந்தது.

ரோஷினி ஃப்ரீமான்ட்டில் பிறந்தவள். அவளுக்குப் பத்து மாதமானபோது அப்பா மயில்சாமி வேலை பார்த்த கம்பெனியை மூடிவிட்டார்கள். தனபாக்கியமும் வேலைக்குப் போயாக வேண்டும்; டேகேருக்குக் கொடுத்துக் கட்டுப்படியாகாது. ஆறே மாசம் என்று சொல்லித்தான் குழந்தையை உடுமலையில் தனபாக்கியத்தின் அக்கா சாந்தாமணியிடம் விட்டார்கள். சாந்தாமணிக்குப் பிள்ளை இல்லை. ஒரு வார்த்தை பேசாமல் இரண்டு கையையும் நீட்டி வாங்கிக்கொண்டாள்.

ஆறு மாசம் இரண்டு வருஷமாயிற்று. மயில்சாமிக்கு லிவர்மோரில் கான்ட்ராக்ட் வேலை கிடைத்தது. அது நிரந்தரமாகட்டும் என்றான். அவன் எதையும் கணக்குப் போட்டே செய்கிறவன். தக்காளி வாங்கினாலும் இரண்டு கடை ஏறி இறங்குவான். பிள்ளையைப் பற்றி அவனாகப் பேச்செடுத்ததே இல்லை. கல்லு மாதிரி இருக்கிறானே என்று தனபாக்கியம் மனதுக்குள் வைவாள். அவளுக்கோ கடையில் சின்னக் கவுன் தொங்கினால் கை தானாகப் போகும். ரோஷினிக்கு இப்போது எந்த சைஸ் சரியாக இருக்கும் என்று தெரியாது. தொட்டுப் பார்த்துவிட்டு வந்துவிடுவாள். காரில் உட்கார்ந்து அழுவாள்.

ஏக்கத்தைச் சொன்னால் இந்த மனுஷன் காதில் ஏறாது, கணக்கைச் சொன்னால் ஏறும் என்று ஒருநாள் அவளுக்குத் தோன்றியது. ஜூன் முடிவதற்குள் பிள்ளை வந்துவிட்டால் இந்த வருஷக் கிரெடிட் நமக்கு வரும், டேகேருக்கு ஒரு மாசமாவது ஆகும் என்று எடுத்துச் சொன்னாள். மயில்சாமி யோசித்தான். மறுநாளே, தான் போய்ப் பிள்ளையைக் கூட்டிவர ஜூன் மாதத்துக்கு டிக்கெட் போட்டான். புருஷனை மடக்கிவிட்ட பெருமையில் அந்த வாரம் அவள் வைத்த ரசம்கூடத் தனி ருசியாக இருந்தது.

பிள்ளைக்கு மொட்டையடித்துக் காது குத்தி அனுப்புகிறேன் என்றாள் சாந்தாமணி. மறுக்க முடியுமா? தாய்மாமன் நஞ்சப்பன் மடியில் உட்காரவைத்துத்தான் குத்த வேண்டும். ஆனியில் நாள் குறித்தார்கள். அதற்கு முந்தின வாரம் நஞ்சப்பனின் பங்காளி வீட்டில் ஒரு சாவு. தீட்டுக் கழிவதற்குள் ஆனியில் மிச்சமிருந்த முகூர்த்தமும் போய்விட்டது. அடுத்தது ஆடி, ஆடியில் காது குத்துவார் உண்டா? ஆக, ஆவணி. மயில்சாமி டிக்கெட்டைத் தள்ளிப்போட்டான்.

ஜூலை பிறந்ததும் சாப்பாட்டுத் தட்டைப் பார்த்தபடியே சொன்னான்.

"ஜூன் போயிருச்சு தனம். இனி வந்தாலும் இந்த வருஷக் கிரெடிட் இல்ல. ஜனவரில கூட்டிட்டு வந்தா அடுத்த வருஷம் முழுசாக் கெடைக்கும். டிக்கெட்ட கேன்சல் பண்ணிரட்டுமா?"

அவள் கொடுத்த கத்திதான். அவள் கழுத்துக்கே வந்துவிட்டது. தனபாக்கியம் கரண்டியைக் கீழே வைத்தாள்.

"எனக்கு அந்தக் கிரெடிட்டே வேண்டாமுங்க. அது உங்களுக்காகச் சொன்னதுங்க. எனக்கு எம்புள்ள வேணும். ஆவணி வரைக்கும்கூட முடியாதுங்க."

மயில்சாமி பிசைந்த சோற்றைத் தட்டிலேயே விட்டுவிட்டான். பேசியபோது குரல் உடைந்திருந்தது.

"இத மொதல்லயே சொல்லியிருக்கலாமில்ல? பேச்செடுத்தா நீ ஒடஞ்சு போயிருவயோன்னு நான் ரெண்டு வருஷமா வாய மூடிட்டிருந்தேன். நீ கணக்கு பேசுன. சரி, இவ மனசத் தேத்திக்கிட்டான்னு நெனச்சு நானும் கணக்கு பேசுனேன்."

இரண்டு வருஷமாக ஒரே வீட்டில் ஆளுக்கொரு மூலையில் ஒரே பிள்ளைக்காக அழுதிருக்கிறார்கள். மயில்சாமி கை கழுவாமலே எழுந்துபோய் அடுத்த வாரத்துக்கே டிக்கெட்டை மாற்றினான்.

உடுமலைக்குப் போன் போட்டுத் தனபாக்கியமே பேசினாள். காது குத்துவதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம், அவர் வருகிறார், பிள்ளையை அனுப்பிவிடு என்றாள்.

"ஆடி பொறக்கற நேரத்துலயா கண்ணு?" என்று கேட்டாள் சாந்தாமணி.

"ஆமாக்கா. அனுப்பிரு, அக்கா."

சாந்தாமணி ரிசீவரை மார்பில் அழுத்திக்கொண்டு அழுவது மங்கலாகக் கேட்டது. பிறகு கொலுசுச் சத்தம் ஓடிவந்து பக்கத்தில் நின்றது.

"ஏம்மா அழுகறே?" என்றது ஒரு சின்னக் குரல். "அழுகாதம்மா. நான் இருக்கறனல்ல."

தன் மகள் அம்மா என்று கூப்பிட்டுத் தனபாக்கியம் கேட்டது அதுதான் முதல் முறை. அவள் போனை வைக்காமல் கேட்டுக்கொண்டே நின்றாள்.