வினாடிக்கு அறுபது பெருவிரல்

சென்ற வாரம் ஒரு குழந்தையின் ஞானஸ்நானத்தைக் கிட்டத்தட்டக் கெடுத்துவிட்டேன். கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. என்னிடம் புது போன் இருந்தது... அவ்வளவுதான்.

என் வகுப்புத் தோழன் கிளீட்டஸுக்குக் கேரள எல்லையில், குளத்தூர்ப் பக்கம் கடலோரத்தில் வீடு, சொந்தமாக ஒரு மீன்பிடி வள்ளம். அவனுடைய மகளுக்குப் பெண் குழந்தை. ஞானத்தகப்பனை எங்கள் பக்கத்தில் ‘தலைதொட்டப்பன்’ என்பார்கள். பாதிரியார் தண்ணீர் ஊற்றும்போது குழந்தையின் தலையைத் தொட்டு நிற்கிறவர். அந்த இடம் கிளீட்டஸின் தம்பி சேவியருக்கு என்று, பிள்ளை பிறக்கும் முன்பே முடிவாகியிருந்தது.

சேவியர் சரக்குக் கப்பலில் சமையல்காரர். லீவும் கிடைத்தது. ஆனால் மாற்று ஆள் வரவில்லை. சமையல்காரர் இல்லாமல் எந்தக் கேப்டன் கப்பலை எடுப்பார்? ஆகவே பெயர் சேவியருடையது, கை கிளீட்டஸின் மைத்துனருடையது என்று ஏற்பாடானது. திருச்சபை இதை அனுமதிக்கிறது. ப்ராக்ஸி என்று பெயர்.

கல்லூரி வருகைப் பதிவில் பலருக்கு ப்ராக்ஸி கொடுத்தவன் நான். தேவாலயத்திலும் அது உண்டு என்று கேட்டதும் என் பழைய பாவம் ஒன்று தானாகவே கழிந்தது போலிருந்தது.

சேவியர் கேட்டது ஒன்றுதான். “திங்கக்கிழமை மூணு மணிக்குள்ள வீடியோ அனுப்புங்க. அதுக்குப் பொறவு மூணு வாரம் கடலாக்கும், நெட்டு கிட்டாது. தலையத் தொடுறத நான் பாக்கணும்.”

ஞாயிற்றுக்கிழமை, சரியாக அந்த நேரத்தில், வீடியோக்காரரின் கேமராவுக்கு முன்னால் உறவினர் முதுகுகள் எட்டோ பத்தோ வரிசை கட்டின. ஓரத்தில் நின்ற என் போனுக்கு மட்டும் எல்லாம் தெரிந்தது. எனக்குப் பெருமை தாங்கவில்லை. அன்றைக்கே எடிட்டர் ஷைனிக்கு மெசேஜில் அனுப்பிவைத்தேன்.

ஷைனிக்குப் பாறசாலை ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் ஓர் அறை, ஒரு கம்ப்யூட்டர். இரண்டுமே சின்னவை. பெரிய ஃபைல்களைப் போட்டால் கம்ப்யூட்டர் மூச்சு வாங்கும். அதனால் எதையும் முதலில் சின்ன நகலாக்கி, அந்த நகலை வைத்து வெட்டி ஒட்டி, கடைசியில் நகலுக்குப் பதில் ஒரிஜினலைக் கோர்த்துவிடுவாள். அந்த நகலுக்கும் ப்ராக்ஸி என்றுதான் பெயர். திங்கட்கிழமை நாங்கள் போய் உட்கார்ந்ததும் இதை விளக்கினாள்.

கிளீட்டஸ் கேட்டான்: “பள்ளியில நின்னதும் ப்ராக்ஸி, பெட்டிக்குள்ள இருக்கதும் ப்ராக்ஸியா? ஒறிஜினலா ஒண்ணுமே இல்லியா மக்கா?”

(பள்ளி என்றால் எங்களுக்குத் தேவாலயம். பாடசாலையில் நின்ற ப்ராக்ஸியைப் பற்றி நான் வாய் திறக்கவில்லை.)

மெசேஜில் போன என் வீடியோ ஏற்கெனவே சுருங்கித்தான் போயிருந்தது. ஷைனி அதையே நகலாக வைத்து முழு வேலையையும் முடித்திருந்தாள். “சாரே, அவரு போனுலயாக்கும் பாப்பாரு. இதுவே நல்லாத்தானே உண்டு?” என்றாள்.

எனக்குச் சுருக்கென்றது. இவ்வளவு பெரிய போனை எதற்கு வாங்கினேன்? ஒரிஜினலைத்தான் போட வேண்டும் என்று பிடிவாதமாக நின்றேன். ஷைனி என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, போனில் கேபிளைச் செருகினாள்.

மணி ஒன்று. வீடியோ ஓடியது. பாடல், மெழுகுவத்தி, வெள்ளை உடையில் குழந்தை. வீடியோக்காரரின் மைக்கில் பதிந்த பாதிரியாரின் குரல் ஞானஸ்நான வாசகத்தைத் தொடங்கியது. தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. திரையில், துல்லியத்திலும் துல்லியமாக, என் இடது கால் பெருவிரல்.

கிளீட்டஸ் என் பக்கம் திரும்பினான். “எலே, ஞானஸ்நானம் பிள்ளைக்கா? உன் வெரலுக்கா?”

ஷைனி எதையோ தட்டிப் பார்த்தாள். “சாரே, நீங்க அறுபதுலயா எடுத்தீங்க?”

ஆமாம், வினாடிக்கு அறுபது பிரேம், அதாவது அறுபது படம். போன் வாங்கிய அன்று செட்டிங்ஸில் பார்த்தேன். முப்பதும் இருந்தது, அறுபதும் இருந்தது. எது பெரிது? அத்துடன் என் ஆராய்ச்சி முடிந்தது. மெசேஜில் போனபோது அது முப்பதாகக் குறைந்திருக்கிறது. தண்ணீர் ஊற்றுவது தொள்ளாயிரமாவது பிரேம் என்று ஷைனியின் கணக்கு. நகலில் அது முப்பதாவது வினாடி. ஒரிஜினலில் தொள்ளாயிரம் என்றால் பதினைந்தாவது வினாடிதான். அப்போது நான் போனைத் தரையை நோக்கிப் பிடித்துக்கொண்டு இடம் தேடிக்கொண்டிருந்தேன்.

புத்தகம் படிப்பவர்களுக்குச் சட்டென்று புரியும். கையடக்கப் பதிப்பில் தொண்ணூறாம் பக்கத்தில் கல்யாணம் என்று குறித்துக்கொண்டு, பெரிய எழுத்துப் பதிப்பில் தொண்ணூறைத் திறந்தால்... பெண்ணுக்கு இன்னும் ஜாதகமே எடுக்கவில்லை.

“அளவக் கொறைக்கலாம் சாரே. துடிப்பு மட்டும் மாறப்பிடாது,” என்றாள். பிறகு, “நானும் கேக்காமப் போயிட்டேன். என் தப்பும் உண்டு.”

ஒரிஜினலை அதே தெளிவுடன் முப்பது பிரேமாக மாற்றிக் கோர்த்தால் குறித்த இடங்கள் சரியாகிவிடும். ஆனால் மாற்றுவதற்கே ஐம்பது நிமிடம் என்றது கம்ப்யூட்டர். பிறகு முழு வீடியோவையும் எடுத்து அனுப்ப வேண்டும். கிளீட்டஸ் கேலியை நிறுத்திவிட்டான். திரையில் ஊர்ந்த பச்சைக் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தான். “அவன் வேற ஒண்ணும் கேக்கலடே,” என்று ஒரு தடவை மட்டும் சொன்னான். எனக்கு என் போனைப் பார்க்கவே பிடிக்கவில்லை.

இரண்டரைக்கு வீடியோ கிளம்பியது. மூன்றுக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது கிளீட்டஸின் போனில் சேவியரின் குரல் வந்தது. பின்னால் ஏதோ எஞ்சின் இரைச்சல்.

“அண்ணா, கிட்டியாச்சு. இங்க நெட்டு மோசம், படம் ஒரே கலங்கலாத்தான் ஓடுது. மொகம் ஒண்ணும் தெரியல்ல. ஆனா ஃபாதர் தண்ணி ஊத்தின நேரம் பாத்து நானும் போனுல அந்தத் தலையில கைய வச்சேன். பிள்ளை வளந்தா சொல்லணும், கேட்டியா? தலைதொட்டப்பன் நானும் தொட்டேன்னு.”

கிளீட்டஸ் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். “இந்த ரூமுல ஒரே பொடி, கண்ணுல விழுது. தூத்து வாரப்பிடாதா?” என்று ஷைனியைத் திட்டினான்.

ஷைனி கோபித்துக்கொள்ளவில்லை. கேபிளைச் சுருட்டியபடி என்னைப் பார்த்தாள். “அப்போ சாரே, அந்தச் சின்ன ஃபைலே மதியாயிருந்து, இல்லியா?”

எங்கள் எல்லைப் பேச்சில் மதி என்றால் போதும் என்று பொருள், தமிழில் அறிவு. சின்ன ஃபைல் மதியாயிருந்தது... எனக்குத்தான் மதி மதியாகவில்லை.