அண்ணனின் மூன்று வயது

1948 அக்டோபர் 6. வயது 36. இரத்த அழுத்தம் 128.
1958 அக்டோபர் 8. வயது 46. இரத்த அழுத்தம் 140.
1968 அக்டோபர் 9. வயது 56. இரத்த அழுத்தம் 152.

லியோ கானியோனின் அட்டையில் இவற்றை எழுதியவன் நான். மாசசூசெட்ஸில் எங்கள் நெசவாலை ஊரில் நடந்துவந்த இதய ஆய்வுக்கு நான்தான் பதிவேட்டு எழுத்தர்.

லியோ நூற்பாலையில் வேலை செய்தவர். மனைவி 1961இல் இறந்தாள். பிள்ளைகள் இல்லை. ஞாயிற்றுக்கிழமை காய்ச்சிய பட்டாணி சூப்பை வியாழன் வரை சுடவைத்துச் சாப்பிடுவார். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை வரும் பரிசோதனை நாளில் மட்டும் முகம் மழித்து, தேவாலயத்துக்குப் போடும் சட்டையோடு ஒரு மணி நேரம் முன்பே வந்துவிடுவார். படியேறினால் மூச்சு வாங்குகிறதா என்று நர்ஸ் கேட்டால், எந்தப் படி, எத்தனையாவது படி என்றெல்லாம் விவரமாகச் சொல்வார்.

“எப்படி இருக்கேன்னு என்னை இங்கதான்பா கேக்கறாங்க. அதுவும், சொல்றதை எழுதி வேற வெச்சுக்கிறாங்க” என்றார் ஒருமுறை.

1968இல்தான் முதன்முறையாக ஒவ்வொருவருக்கும் ஒரு சீட்டு கொடுத்தோம். வயது 56, அவரைப் போன்ற நூறு பேரில் பதினெட்டுப் பேருக்குப் பத்து வருடத்துக்குள் மாரடைப்பு வரலாம் என்றது அவருடைய சீட்டு. படித்துவிட்டு என்னிடமே நீட்டினார்.

“ஆர்மான், இதுல மூணு வருஷம் என்னோடது இல்ல. என் அண்ணனோடது.”

கனடாவின் கியூபெக்கிலிருந்து ஆலை வேலைக்கு வந்த எங்கள் ஆட்களின் பல வீடுகளில் நடந்ததுதான். பதினாலு வயது ஆகாமல் ஆலையில் சேர்க்கமாட்டார்கள். இவருக்கு அப்போது பதினொன்று. அண்ணன் லியோ ஐந்து வயதிலேயே இறந்துபோனவன். அவனுடைய ஞானஸ்நானச் சான்றிதழைக் கையில் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். ஓவீத் என்ற இவர் அன்றிலிருந்து லியோ ஆனார்.

திருத்தியே ஆகவேண்டும் என்றேன். எங்கள் கணக்கில் புகையிலையைவிட, அழுத்தத்தைவிட வயதுக்குத்தான் எடை அதிகம். ஐம்பத்து மூன்று வயதுக்காரரை ஐம்பத்தாறு வயதுக்காரர்களோடு நிறுத்தினால் அவருடைய கணக்கும் தப்பு, அவர்களுடைய கணக்கும் தப்பு. சொல்லிக்கொண்டே போனவன் பாதியில் நிறுத்தினேன். முப்பத்தைந்து வயது நிறைந்தவர்களை மட்டுமே ஆய்வில் சேர்த்தோம். 1948இல் அவருக்கு முப்பத்து மூன்றுதான். அவருக்கும் அது புரிந்துவிட்டது.

“அப்ப என்னைக் கழிச்சுடுவாங்களா?”

“தெரியல. எழுதிக் கேக்கணும்.”

“எழுதாம விட்டா?”

“அட்டை தப்பா இருக்கும்.”

“இருபது வருஷமா தப்பாத்தானே இருக்கு? அது யாரைக் கடிச்சுது?”

நான் முதலில் அவர் ஞானஸ்நானம் பெற்ற தேவாலயத்துக்கு எழுதினேன். டிசம்பர் 12ஆம் தேதி கியூபெக் பங்குத் தந்தையின் பதில் வந்தது: ஓவீத் கானியோன், பிறப்பு 1915 ஜூன் 3. அதைத் தலைமை அலுவலகத்துக்கு அனுப்பினேன். அந்தக் குளிர்காலம் முழுவதும் வாரம் ஒருமுறை வந்து என் மேசைமுன் நின்றார். கடிதத்தைப் பற்றி ஒருநாளும் கேட்கவில்லை. பனியைப் பற்றி ஏதாவது சொல்லிவிட்டுப் போய்விடுவார்.

கடைசியில் தலைமை அலுவலகம் பதில் எழுதியது. இனி ஒருவர் ஆய்வுக்கு வந்து எத்தனை வருடமாயிற்று என்று பார்க்கப்போவதில்லை. அந்தந்த வயதில் அதே வயதுக்காரர்களோடு ஒப்பிடப்போகிறார்கள்; நடுவில் சேர்ந்தவரும் கணக்கில் வரலாம். ஆகவே 1948ஐ மட்டும் விட்டுவிட்டு, முப்பத்தைந்து நிறைந்தபின் வந்த 1950 பரிசோதனையிலிருந்து சொந்த வயதோடு அவரைச் சேர்த்துக்கொள்ளலாம்.

அவருடைய அறைக்குப் போய்ப் படித்துக் காட்டினேன்.

“அடுத்த பரிசோதனை எப்போ?” என்றார்.

“எழுபதாம் வருஷம் அக்டோபர்.”

விரல்விட்டு எண்ணினார். “பத்தொம்போது மாசம்” என்றார்.

அந்தக் கடிதம் வந்தது 1969 மார்ச் 11. அவர் எண்ணியது சரிதான்.